பத்துக்குப் பன்னிரண்டில் மூன்று பேர்

ஒரு பருத்தி டி-ஷர்ட்டின் எடை சுமார் 150 கிராம். பருத்தி இழையின் அடர்த்தி தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு. கணக்குப் போட்டால், அந்தச் சட்டையில் உள்ள நிஜமான பஞ்சு 100 கன சென்டிமீட்டர்தான். ஒரு டீ கிளாஸுக்குள் அடங்கிவிடும். அதே சட்டையை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு அளந்து பாருங்கள். 30 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், ஒன்றரை உயரம் என்று ஆயிரத்துச் சொச்சம் கன சென்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டிருக்கும். பத்தில் ஒன்பது பங்கு காற்று!

பீரோ கொள்ளவில்லை என்று விடுதி மாணவர்கள் அலுத்துக்கொள்வதில் பாதிக்கு மேல் இந்தக் காற்றின் வேலை. சின்ன அறையை ஒழுங்குபண்ணுவது என்றால் பொருட்களை அழகாக அடுக்குவது என்று பலரும் நினைக்கிறார்கள். அடுக்குவது பிறகு. எந்தக் காற்று வீணாக இடத்தை அடைக்கிறது, எந்தக் காற்று அறைக்கு வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

தரைக் கணக்கு, கன அடிக் கணக்கு

பத்துக்குப் பன்னிரண்டு அடியில், கூரை பத்தடி உயரத்தில், மூன்று பேர் தங்கும் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கொரு இரும்புக் கட்டில், மேசை, பீரோ. கட்டில் ஆறுக்கு இரண்டரை அடி என்றால் ஒன்றுக்கு 15 சதுர அடி, மூன்றுக்கும் 45. மேசைகள் 18. பீரோக்கள் பதின்மூன்றரை. மொத்தம் எழுபத்தாறரைச் சதுர அடி போய்விட்டது. மூன்றடிக் கதவு உள்பக்கமாகத் திறந்தால் அது சுழன்று வர ஏழு சதுர அடியைக் காலியாக விட்டாக வேண்டும். 120 சதுர அடியில் மிஞ்சுவது 36. தலைக்குப் பன்னிரண்டு. அதில்தான் நிற்பது, நடப்பது, துணி மாற்றுவது, ஊரிலிருந்து வந்த பையை இறக்கிவைப்பது எல்லாம்.

இப்போது அதே அறையைக் கன அடியில் பார்க்கலாம். மொத்தம் 1,200 கன அடி. கட்டில் ஒன்றரை அடி, மேசை இரண்டரை அடி, பீரோ ஆறடி உயரம் என்று வைத்துக்கொண்டால் எல்லாச் சாமான்களும் சேர்ந்து 200 கன அடியைக்கூடத் தொடவில்லை. தரையில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிய அதே சாமான்கள், அறையின் கொள்ளளவில் ஆறில் ஒரு பங்குதான். தரை நெருக்கடியில் தவிக்கிறது. அதற்கு மேலே ஆயிரம் கன அடி சும்மா கிடக்கிறது.

பழைய வீடுகளைக் கட்டியவர்களுக்கு இது தெரியாத விஷயமில்லை. தினசரி தேவைப்படாத அண்டா குண்டாவுக்குப் பரண், தயிர்ப் பானைக்கு உறி, விளக்குக்குச் சுவரிலேயே மாடம் என்று தரையைத் தொடாமலே பொருட்களை வைத்தார்கள். விடுதி அறையில் பரண் கிடையாது, ஆணி அடித்தால் வார்டன் அபராதம் போடுவார். அதனால் இருக்கிற சாமான்களை வைத்தே உயரத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கட்டிலுக்கு அடியிலிருந்து தொடங்கலாம். கட்டிலின் நான்கு கால்களுக்கும் ஆறங்குல உயரக் கட்டைகள் கொடுத்தால் அடியில் ஏழரை கன அடி கூடுதலாகக் கிடைக்கும். லிட்டரில் சொன்னால் 212. கையோடு எடுத்துச் செல்லும் சின்ன டிராலிப் பெட்டி 55, 35, 25 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் அதன் கொள்ளளவு 48 லிட்டர். ஆக, ஆறங்குலம் உயர்த்தினால் அப்படி நான்கு பெட்டிகளின் இடம். ஆனால் வெறும் செங்கல்லின் மேல் கட்டில் காலை நிறுத்தக் கூடாது. யாராவது தொப்பென்று உட்கார்ந்தால் கால் நழுவிவிடும். கால் பதிந்து நிற்கும்படி குழி உள்ள கட்டைகளே சரி.

பீரோவுக்கு மேலேயும் நாலடி காலியாக இருக்கிறது. அதில் இரண்டடியைப் பயன்படுத்தினாலே ஒரு பீரோவுக்கு ஒன்பது கன அடி. அங்கே கனமில்லாத பொருட்கள் மட்டும் போகலாம். கெட்டி அட்டைப் புத்தகங்களை உச்சியில் ஏற்றினால் பீரோவின் ஈர்ப்பு மையம் மேலேறி, கதவை வேகமாக இழுக்கும்போது மொத்தமும் முன்பக்கம் சாயப் பார்க்கும். கனமானது கீழே, லேசானது மேலே.

காற்றைப் பிழிந்தெடுக்கும் வழிகள்

துணியைப் பாய்போல இறுக்கமாக உருட்டி வைத்தால் இடம் மிச்சமாகும் என்பார்கள். உருண்டை வடிவத்தில் மாயம் எதுவும் இல்லை. உருட்டும்போது கை கொடுக்கும் அழுத்தத்தில் மடிப்புகளுக்கு இடையிலிருந்தும் நூல்களுக்கு இடையிலிருந்தும் காற்றில் ஒரு பகுதி வெளியேறுகிறது. சுருள் இறுக்கமாக இருப்பதால் அது திரும்ப உள்ளே வர முடிவதில்லை. தளர்வாக உருட்டினால் மடித்து வைத்ததைவிட அதிக இடம் பிடிக்கும்.

ஜப்பானைச் சேர்ந்த மாரி கோண்டோ உலகெங்கும் பிரபலமாக்கிய முறை வேறு. சட்டையைச் சிறு செவ்வகமாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தக அலமாரியில் புத்தகம் நிற்பதுபோல் நிறுத்தி வைப்பது. இதனால் வரும் லாபம், எது எங்கே இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிவது. அடுக்கின் அடியில் கிடக்கும் சட்டையை உருவப்போய் மேலே உள்ள பத்துச் சட்டை கலையும் தொல்லை இல்லை. விடுதிப் பீரோவின் தட்டுகள் அகலமானவை என்பதால் துணி சாய்ந்துவிடும். ஒரு செருப்புப் பெட்டியோ பழைய அட்டைப் பெட்டியோ தடுப்பாக நின்றால் போதும்.

கம்பளி, தலையணை, ஸ்வெட்டர் போன்றவையும் பெரும்பாலும் காற்றால் ஆனவை. இவற்றுக்கென்றே காற்றை உறிஞ்சி எடுக்கும் பிளாஸ்டிக் பைகள் விற்கிறார்கள். பையின் உள்ளே காற்று குறைந்ததும் வெளியில் உள்ள வளிமண்டலமே பையை அமுக்கிவிடுகிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் அது ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. பருமன் குறையுமே தவிர எடை குறையாது. நன்றாகக் காயாத துணியை உள்ளே வைத்து மூடினால் ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சை பிடித்துவிடும்.

சாமான்களிலும் காற்று ஒளிந்திருக்கிறது. காலிப் பெட்டி என்பது விடுதி அறையில் இருக்கவே கூடாத பொருள். பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி, அதற்குள் தோள்பை, அதற்குள் விடுமுறைக்கு மட்டும் உடுத்தும் துணி என்று உள்ளே உள்ளே போக வேண்டும். வாளியும் அப்படித்தான். மக், சோப்பு டப்பா, துணி துவைக்கும் பவுடர், பிரஷ் எல்லாம் வாளிக்குள் இருந்தால் குளியலறைக்கு ஒரே கையில் தூக்கிக்கொண்டு போகலாம், மேசைக்கு அடியில் ஒரே இடத்தில் வைக்கலாம்.

சுவர் தாங்குமா, கொடி தாங்குமா?

ஆணி அடிக்க முடியாத சுவருக்கு ஒட்டும் கொக்கிகள் வந்திருக்கின்றன. கடையில் வாங்கிய அன்று மாலை ஒட்டி, பையை மாட்டி, மறுநாள் காலையில் தரையில் கிடப்பதைப் பார்த்திருப்பவர்கள் பசையைத் திட்டுவார்கள். பழி பெரும்பாலும் சுவருடையது. சுண்ணாம்பும் மலிவான டிஸ்டெம்பரும் பூசிய சுவரைக் கையால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொள்ளும். பசை அந்தப் பொடியைத்தான் பிடித்திருக்கிறதே ஒழிய, சுவரைப் பிடிக்கவில்லை. விழுந்த கொக்கியின் பின்புறத்தைப் பார்த்தால் பெயிண்ட் அப்படியே வந்திருக்கும். டைல்ஸ், கண்ணாடி, பீரோவின் பக்கவாட்டு, எனாமல் பூசிய கதவு ஆகியவற்றில் இதே கொக்கி நன்றாக நிற்கும்.

இரும்பு பீரோவுக்குக் காந்தக் கொக்கியும் பொருந்தும். வாங்கும்போது உறையில் போட்டிருக்கும் எடையை அப்படியே நம்ப வேண்டாம். அது காந்தத்தை நேராகப் பிடுங்க வேண்டிய விசை. செங்குத்தான பரப்பில் காந்தம் பிடுங்கிக்கொள்வதற்கு முன்பே வழுக்கி இறங்கும். அதைத் தடுப்பது உராய்வு மட்டும்தான். உறையில் உள்ள எடையில் சிறு பங்கைத்தான் அதில் மாட்டலாம். அடையாள அட்டை, சாவி, இயர்போன், தொப்பி என்றால் கவலையில்லை.

அடுத்தது கொடி. ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்க்கோடி வரைக்கும் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுவதில் பலருக்குப் பெருமை. இயற்பியல் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. பத்தடிக் கொடியின் நடுவில் ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஈர ஜீன்ஸ் தொங்கட்டும். நடுவில் கொடி ஓரடி தொய்ந்தால் கயிற்றில் வரும் இழுவிசை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அரையடி மட்டுமே தொய்ந்தால் ஏழரைக் கிலோ. மூன்றங்குலம்தான் தொய்வு என்றால் பதினைந்து கிலோ! ஒரே ஜீன்ஸுக்குப் பத்து மடங்கு இழுவிசை. கொடி கட்டிய கொக்கிகள் பிடுங்கிக்கொண்டு வருவது இதனால்தான். கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டினால் கயிறும் பிழைக்கும், சுவரும் பிழைக்கும்.

விட்டுவைக்க வேண்டிய காற்று

கொடி என்றதும் எதிர்ப்பக்கக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சமாகச் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். நம் அறையின் 1,200 கன அடி என்பது 34 கன மீட்டர். ஆக மொத்த அறையும் தாங்கக்கூடியது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்தாலும் இன்னும் 300 கிராம்தான் மிச்சம். கையால் பிழிந்த ஜீன்ஸ் ஒன்றிலேயே அதைவிட அதிகத் தண்ணீர் இருக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே காயப்போட்டால் துணி காயாது. அந்த ஈரம் சுவரிலும் தோல் செருப்பிலும் ரெக்கார்டு நோட்டிலும் போய் உட்காரும்.

அதனால் ஜன்னலை அடைத்துச் சாமான் வைப்பதும், பீரோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளுவதும் இடத்தை மிச்சம் பிடிப்பதாகாது. பீரோவுக்கும் சுவருக்கும் நான்கு விரற்கடை இடைவெளி வேண்டும். கட்டிலுக்கு அடியில் பெட்டிகள் போகலாம், ஆனால் துடைப்பம் உள்ளே போய்வர ஒரு சந்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொசுவுக்கும் கரப்பானுக்கும் அதுவே குடியிருப்பு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் துணிக் குவியலுக்குள் புதைப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது 1,380 வாட். 1,500 வாட் கெட்டில் அதைத் தாண்டிவிடும், வயர் சூடேறும். அந்தச் சூடு வெளியேறக் காற்று வேண்டும்.

நேரமும் ஓர் இடம்

ரயிலில் படுக்கை வகுப்புப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையின் (ஐ.சி.எஃப்.) வடிவமைப்புப் பெட்டியில் 72 படுக்கைகள். பகலில் நடுப் படுக்கை கீழே மடிந்து கீழ்ப் படுக்கைக்கு முதுகுச் சாய்மானமாகிவிடுகிறது. இரவில் சங்கிலியில் தொங்கினால் அதுவே ஒருவருக்குப் படுக்கை. ஒரே இடம் பொழுதுக்கு ஏற்ப இரண்டு வேலை செய்கிறது. இரவில் விரித்துக் காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தும் கோரைப்பாயும் இதே யுக்திதான். அறையிலும் மடக்கு மேசை, பகலில் உட்காரச் சுவரோரம் தலையணை வைத்த கட்டில், வேலை முடிந்ததும் மேசைக்கு அடியில் போகும் நாற்காலி என்று இதைப் பயன்படுத்தலாம்.

எட்டும் தூரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிகோட்ஸ்கி 1926இல் ஃபிராங்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டிச் சமையலறையை முன்மாதிரியாக வைத்து, சமைப்பவரின் நடையையும் கையசைவையும் கணக்கிட்டு ஒவ்வொரு பொருளுக்கும் இடம் வகுத்தார். சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது அமைந்தது. அவர் பின்பற்றிய விதியை விடுதிக்கும் எடுத்துக்கொள்ளலாம். முழங்காலுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் தினமும் தொடும் பொருட்கள். கட்டிலுக்கு அடியில் வாரம் ஒருமுறை எடுப்பவை. பீரோ உச்சியில் செமஸ்டருக்கு ஒருமுறை எடுப்பவை. முதல் ஆண்டு முடிந்த பின், பொறியியல் மாணவர்களின் வரைபடக் கருவியான டிராஃப்டர் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஊரிலேயே விட்டுவிடலாம்.

பொதுப் பொருட்களை மூவரும் முதல் வாரமே பேசி முடிப்பது நல்லது. இஸ்திரிப் பெட்டி, கண்ணாடி, துடைப்பம், குப்பைக்கூடை அறைக்கு ஒன்று போதும். தனித்தனியாக மூன்று வாங்கிய பிறகு இடமில்லை என்று சண்டை போடுவதில் பொருளில்லை. புதிதாகச் சேரும் மாணவர்கள் கடைக்குப் போகும் முன் ஒரு டேப்பை எடுத்துக் கட்டிலின் அடி உயரத்தையும் பீரோத் தட்டின் ஆழத்தையும் அளந்துகொள்ளட்டும். வாங்கிய பெட்டி கட்டிலுக்கு அடியில் நுழையாவிட்டால் அது தரையில்தான் நிற்கும்.

விடுதி கட்டுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆணி அடிக்காதே என்று பலகை மாட்டுவதற்கு முன், கட்டும்போதே ஒவ்வொரு கட்டிலுக்கும் நேராகச் சுவரில் ஒரு கொக்கிக் கம்பியும், கதவுக்கு மேலே ஒரு காங்கிரீட் பரணும், துணி காயவைக்க வெளியே கூரை போட்ட ஓரிடமும் வைத்துவிடுங்கள். பாதி நெருக்கடி அங்கேயே தீர்ந்துவிடும்.