மதிய உணவு வேளையில் அரசியல் சட்டம்

அமெரிக்காவின் பெரிய நகரங்கள் பலவற்றில் அவ்வப்போது நடக்கும் காட்சி இது. மதிய உணவு நேரம். ஒரு கூடத்தில் வக்கீல்கள் சாப்பிட்டபடி உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் எதிரெதிர்க் கருத்துள்ள இருவர். நடுவே ஒருவர், பல வேளைகளில் பதவியிலிருக்கும் நீதிபதியே. பேசப்படுவது துப்பாக்கி உரிமையாக இருக்கலாம், அதிபரின் அதிகார எல்லையாக இருக்கலாம். நம் பட்டிமன்றத்தை நினைவூட்டும் ஏற்பாடுதான், ஆனால் கடைசியில் தீர்ப்பு கிடையாது.

இதில் முன்னணியில் நிற்பவை ஃபெடரலிஸ்ட் சொசைட்டியின் நகரக் கிளைகள். சட்டக் கல்லூரிகளில் தாராளவாதச் சிந்தனையே கோலோச்சுகிறது என்று குறைபட்ட யேல், சிகாகோ மாணவர்கள் சிலர் 1982-இல் தொடங்கிய அமைப்பு இது. பிற்பாடு உச்ச நீதிமன்ற நீதிபதியான ஆன்டனின் ஸ்காலியா, அப்போது சிகாகோவில் அவர்களுக்கு வழிகாட்டிய பேராசிரியர். மாணவர்கள் வக்கீல்களானார்கள், கிளைகள் ஊர் ஊராகப் பரவின. உறுப்பினர்கள் பெரும்பாலும் வலதுசாரிகள். ஆனாலும் எதிர்த்தரப்பில் வலுவான ஒருவரைத் தேடிப்பிடித்து மேடையேற்றுகிறார்கள். மனமாரப் பாராட்ட வேண்டிய பழக்கம் இது. ஒத்த கருத்துள்ளவர்களே கூடிப் பேசினால், வாதத்திலுள்ள ஓட்டை கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

செவ்ரான் கோட்பாட்டின் கதையைப் பாருங்கள். சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லாவிட்டால், அரசுத் துறை தரும் நியாயமான விளக்கத்தை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஸ்காலியாவே 1989-இல் டியூக் பல்கலைக்கழக உரையில் இதை ஆதரித்தார். பிறகு காற்று திசை மாறியது. சட்டத்துக்குப் பொருள் சொல்வது நீதிபதியின் வேலை, அதிகாரியின் வேலையல்ல என்ற வாதம் இந்த மேடைகளில் ஆண்டுக்கணக்கில் தீட்டப்பட்டது. மருந்தும் மாசும் பற்றி நீதிபதிக்கு என்ன தெரியும் என்று மறுதரப்பு திருப்பிக் கேட்டது. இறுதியில் வழக்கோடு வந்தவர்கள் ஹெர்ரிங் மீன்பிடிப்போர். படகில் கட்டாயமாக ஏற்ற வேண்டிய கண்காணிப்பாளருக்கு, நாளொன்றுக்கு 710 டாலர் வரை அவர்களே கொடுக்க வேண்டியிருந்தது. சட்டத்தில் அப்படித் தெளிவாக இல்லையே என்றார்கள். 2024 ஜூன் 28 அன்று செவ்ரான் கோட்பாடு கைவிடப்பட்டது.

தாராளவாதிகளும் சும்மா இருக்கவில்லை. 2001-இல் அமெரிக்கன் கான்ஸ்டிட்யூஷன் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அதற்கும் நகரக் கிளைகள் உண்டு.

ஒரு நெருடலையும் சொல்லியாக வேண்டும். டிரம்பின் முதல் ஆட்சியில் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்க ஆலோசனை சொன்ன லெனார்ட் லியோ, ஃபெடரலிஸ்ட் சொசைட்டியின் முக்கிய நிர்வாகியாக இருந்தவர். சட்டப் பிரச்சினைகளில் அமைப்பாக நிலைப்பாடு எடுப்பதில்லை என்கிறது சொசைட்டி. ஆனால் விவாதம் நடத்துபவர்களின் நண்பர்களே நீதிபதி நாற்காலியில் அமரும்போது, எதிர்வாதத்துக்கு அந்த மேடையில் எவ்வளவு இடம் மிஞ்சும்?

உள்ளுக்குள்ளும் கருத்து மோதல் ஓயவில்லை. 2025-இல் டிரம்பின் இறக்குமதி வரிகளுக்கு எதிராக நீதிமன்றத்தில் தாக்கலான மனு ஒன்றில், சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவன் கலாப்ரெசியும் கையெழுத்திட்டிருந்தார். அந்த மே மாத இறுதியில் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் அந்த வரிகள் செல்லாது என்றது. நீதிபதிகள் விஷயத்தில் சொசைட்டி தனக்குத் தவறான ஆலோசனை தந்துவிட்டது என்று மறுநாளே டிரம்ப் சாடினார்.