கொள்ளைநோயும் கொலைச்சூழ்ச்சியும்

மன்னனைக் கொல்ல மறைவிற் கூடும் சூழ்ச்சியாளர், அவரைப் பின்தொடரும் ஒற்றர், கொள்ளைநோயால் வெறிச்சோடிய தெருக்கள் ஆகியவை படிப்போர் நெஞ்சைக் கவரும் வரலாற்றுப் புதினங்களிற் காணப்படுவன. இம்மூன்றும் ஒருங்கே அமைந்த உண்மைக் களம் ஒன்றுண்டு. அதுவே 17ஆம் நூற்றாண்டின் இலண்டன் மாநகரம்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் 1649இல் தலை துணிக்கப்பட்டார். அவர் மைந்தர் இரண்டாம் சார்லஸ் 1660இல் நாடு திரும்பி அரசுரிமை பெற்றார். எனினும், மன்னராட்சியை வெறுத்த பழைய படைவீரர் பலர் நாட்டில் எஞ்சியிருந்தனர். ஆதலின் அமைச்சர்கள் ஒற்றர்களை ஏவினர். ஐயத்திற்குரிய கடிதங்கள் அஞ்சல் நிலையத்தில் இரவிலே திறந்து படிக்கப்பட்டன.

1665இல் இலண்டனைக் கொள்ளைநோய் பற்றியது. நோய் கண்டோர் வீடுகள் அடைக்கப்பட்டன. கதவுகளிற் செஞ்சிலுவை தீட்டப்பட்டது. பதிவேடுகளின்படி அந்நோயால் மாண்டோர் 68,596 பேர். மன்னரும் அவையினரும் ஆக்ஸ்போர்டு நகருக்குச் சென்று தங்கினர்.

நோய் தணிந்தபின், 1666 ஏப்ரலில், பழைய படைவீரர் எண்மர் வழக்குமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். மன்னரைக் கொன்று, இலண்டன் கோட்டையைக் கைப்பற்றி, நகருக்குத் தீயிட அவர்கள் திட்டமிட்டனர் என்பது குற்றச்சாட்டு. சோதிட நூலைப் பார்த்து அவர்கள் தேர்ந்த நாள் செப்டம்பர் 3 என்றும் கூறப்பட்டது. எண்மருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. இச்செய்தி அரசிதழிலும் வெளிவந்தது.

அவ்வாண்டு செப்டம்பர் 2ஆம் நாள் விடியுமுன், ரொட்டி சுடுவோர் ஒருவர் வீட்டில் தீப்பற்றியது. காற்று வீசவே, ஏறத்தாழ 13,000 வீடுகள் எரிந்தன. சூழ்ச்சிக்குக் குறித்த நாளுக்கு முன்னாளில் தீ எழுந்தமையால், மக்கள் ஐயுற்றனர்; அயல்நாட்டாரைத் தெருவிற் கண்டவிடத்துத் தாக்கினர். இராபர்ட் உபேர் என்னும் பிரெஞ்சுக்காரன், தீ வைத்தவன் தானே எனத் தடுமாறிக் கூறினான். நீதிபதிகளுக்கே அக்கூற்றில் நம்பிக்கை இல்லை. எனினும் அவன் தூக்கிலிடப்பட்டான். தீ எழுந்து இரு நாள் கழிந்த பின்னரே அவன் இலண்டனில் இறங்கினான் என்பதனை, அவனை ஏற்றிவந்த கப்பலின் தலைவர் பின்னர்த் தெரிவித்தார்.

அடுத்தடுத்த இரு நாள்களை இணைத்துச் சுவைமிக்க கதை புனைதல் புதின ஆசிரியரின் உரிமை. நீதி வழங்குவோர்க்கு அவ்வுரிமை இல்லை. அவர்கள் நாடவேண்டியது சான்று ஒன்றே. நோயும் தீயும் அடுத்தடுத்து வருத்திய ஊரில் அச்சமே சான்றாயிற்று. குற்றமற்றவன் ஒருவன் உயிரிழந்தான்.