சொகுசு மின்சாரக் கார்: சொத்தா, செலவா?

சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுதுவிட்டுப் பஞ்சிகாவத்தையில் உள்ள எனது உதிரிப்பாகக் கடைக்குத் திரும்பியபோது, புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத்தெருவில் புடைவைக் கடை நடத்தும் தம்பி ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். கையில் இரண்டு கடதாசித் துண்டுகள். இரண்டும் வெவ்வேறு வாகன விற்பனை நிலையங்கள் எழுதிக் கொடுத்த விலைகள்.

"நானா, போன வருஷம் நாலு கோடிக்கு எடுத்த எலெக்ட்ரிக் கார். ஒரு வருஷம் கூட நிறையல்ல. ஒரு கீறல் இல்ல. இப்ப எக்ஸ்சேஞ்ச் கேட்டா ஒருத்தர் ரெண்டு கோடி எண்பதாம், மற்றவர் ரெண்டு கோடி அறுபதாம். நீங்க செல்லுங்க, இது ஞாயமா?" என்று கேட்டார்.

நியாயமா, அநியாயமா என்பதைப் பிறகு பார்ப்போம், காருக்குக் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நான்கு கோடியில் ஒன்றரைக் கோடி கடையின் முதல். "கார் எண்டா எப்பவும் விலை ஏறுறதுதானே நானா, தேவைப்பட்டா வித்து எடுக்கலாம் எண்டு நெனச்சன்" என்றார். இப்போது நோன்புப் பெருநாளுக்குச் சரக்கு எடுக்க வேண்டிய நேரத்தில் கையில் காசு இல்லை.

அந்தத் தம்பியின் கணக்கு அவருடையது மட்டுமல்ல. நம்மவர்களில் பலர் இன்றும் அதே கணக்கையே போட்டுக்கொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கதவு பூட்டியிருந்த காலத்து விலை

பாடசாலையில் கணக்கீடு படித்தவர்களுக்குப் ‘பெறுமானத் தேய்வு’ என்ற சொல் நினைவிருக்கும். நேர்கோட்டு முறை, குறைந்து செல்லும் மீதி முறை என்றெல்லாம் ஆசிரியர் கற்பித்திருப்பார். எந்த இயந்திரமும் வாங்கிய நாள் முதல் பெறுமதி குறைந்துகொண்டே போகும் என்பதுதான் அதன் சாரம். உலகம் முழுவதும் மோட்டார் வாகனத்துக்கும் இதுதான் விதி.

நமது நாட்டில் இந்த விதி சில வருடங்கள் வேலை செய்யவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனது. தனியார் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களும் புதிய கார்கள் மிக அரிதாகவே வந்தன. ஆகவே பழைய கார் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குப் போனது. பத்து வருடம் ஓடிய காரை விற்று இலாபம் பார்த்தவர்களை நாம் எல்லோரும் அறிவோம்.

அந்த இலாபத்தைக் கொடுத்தது கார் அல்ல, பூட்டியிருந்த கதவும் விழுந்த ரூபாவும்தான். கதவு திறந்ததும் பழைய காரின் விலையைப் பக்கத்தில் நிற்கும் புதிய காரே தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் கடையின் முதலைக் காரில் போட்டவர்கள் இன்று திகைத்து நிற்கிறார்கள்.

மின்சாரக் கார் ஏன் அதிகமாக விழுகிறது?

அமெரிக்காவில் ஐசீகார்ஸ் என்ற நிறுவனம் பழைய வாகனங்களின் விலைகளை ஒப்பிட்டு வருடந்தோறும் அறிக்கை வெளியிடுகிறது. 2025ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ஐந்து வருடத்தில் எல்லா வாகனங்களும் சராசரியாக 45.6 வீதம் பெறுமதி இழக்கின்றன. ஹைபிரிட் வாகனங்களுக்கு இது 40.7 வீதம். மின்சார வாகனங்களுக்கோ 58.8 வீதம். ஜகுவார் ஐ-பேஸ் 72.2 வீதமும், டெஸ்லா மொடல் எஸ் 65.2 வீதமும் இழந்தன. போர்ஷே கம்பனியின் பெற்றோல் காரான 911 இழந்தது 19.5 வீதம் மட்டுமே. அதே கம்பனியின் மின்சாரக் காரான டய்கான் இழந்தது 60.1 வீதம். ஒரே கம்பனி, ஒரே பெயர், ஆனால் மூன்று மடங்கு வித்தியாசம்.

இதற்குக் காரணங்கள் சில உண்டு.

முதலாவது, புதிய காரின் விலையே இறங்குகிறது. 2023 ஜனவரியில் டெஸ்லா தனது விலைகளை ஒரேயடியாகக் குறைத்தது. அமெரிக்காவில் 65,990 டொலராக இருந்த மொடல் வை லோங் ரேஞ்ச் 52,990 டொலரானது. முந்திய நாள் வாங்கியவரின் கார் ஒரு கிலோமீற்றர் கூட ஓடாமலே 13,000 டொலர் இழந்தது.

இரண்டாவது, பெட்டரி. காரின் விலையில் பெரும் பங்கு அதற்குத்தான். புளூம்பேர்க் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவின் கணக்குப்படி 2024இல் பெட்டரியின் சராசரி விலை ஒரு கிலோவாட் மணிக்கு 115 டொலர். ஒரே வருடத்தில் 20 வீத வீழ்ச்சி. புதிய கார் வாங்குபவருக்கு இது நல்ல செய்தி. பழையதை வைத்திருப்பவருக்குக் கெட்ட செய்தி. ஏனெனில் அடுத்த வருடம் அதே காசுக்குக் கூடுதல் தூரம் ஓடும் கார் வந்துவிடும். கையடக்கத் தொலைபேசியில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது.

மூன்றாவது, வாங்குபவர்கள் குறைவு. பழைய காருக்கு இரண்டரைக் கோடி கொடுக்கக்கூடியவர் புதியதையே விரும்புவார். பழைய கார் தேடுபவரோ எந்தக் கராஜிலும் திருத்தக்கூடிய, சாமான் கிடைக்கக்கூடிய ஜப்பான் காரைத் தேடுவார். இடையில் நிற்கும் சொகுசு மின்சாரக் காருக்குக் கேள்வி இல்லை.

நமது நாட்டுக்குரிய நான்காவது காரணம் வரி. மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாட் அளவைப் பார்த்து உற்பத்தி வரி விதிக்கப்படுகிறது. பெறுமதி ஒரு எல்லையைத் தாண்டினால் சொகுசு வரியும் சேரும். ஆகவே நாம் கொடுக்கும் நான்கு கோடியில் பெரும் பகுதி இரும்புக்கும் பெட்டரிக்கும் அல்ல, அரசாங்கத்துக்கு. வரி கூடினால் பழைய கார் தப்பும், குறைந்தால் அதுவும் சேர்ந்து விழும். நாம் தீர்மானிக்க முடியாத ஒன்றில் நமது முதலைக் கட்டி வைக்கிறோம்.

பெரியவர்களும் தடுக்கி விழுந்த இடம்

"தெரியாமல் செய்துவிட்டேன்" என்று அந்தத் தம்பி வெட்கப்பட்டார். வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவின் பெரிய வாடகைக் கார் கம்பனியான ஹேர்ட்ஸ் 2021 ஒக்டோபரில் ஒரு இலட்சம் டெஸ்லா கார்கள் வாங்கப்போவதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் தனது மின்சாரக் கார்களில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது சுமார் 20,000 கார்களை, விற்கப்போவதாக அறிவித்தது. அதற்காகக் கணக்கில் எழுதிய பெறுமானத் தேய்வு மட்டும் ஏறத்தாழ 24 கோடி 50 இலட்சம் டொலர். மோதிய கார்களைத் திருத்தும் செலவு அதிகம் என்பதும் ஒரு காரணம். இரண்டு மாதங்களில் அதன் தலைவரும் பதவி விலகினார். எத்தனையோ கணக்காளர்களை வைத்திருந்த கம்பனிக்கே இந்தக் கதியென்றால் தனிமனிதர் எம்மாத்திரம்?

நான் மட்டும் என்ன கெட்டிக்காரனா? 2015இல் நிசான் லீஃப் கார்கள் நாட்டுக்குள் நிறைய வந்தபோது நானும் ஒன்று வாங்கினேன். அதன் டாஷ் போர்டில் பெட்டரியின் நிலையைக் காட்டப் பன்னிரண்டு கோடுகள் இருக்கும். அந்தப் பெட்டரியைக் குளிரூட்டத் தனி ஏற்பாடு கிடையாது. கொழும்பு வெயிலில் நான்கு வருடத்தில் எட்டுக் கோடுகள்தான் மிஞ்சின. 2019இல் விற்றேன். வாங்க வந்தவர் கோடுகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானே காட்டினேன். இரண்டு இலட்சம் குறைத்துக் கேட்டார், கொடுத்தேன். 2021இல் அதே மாதிரிக் கார்கள் நான் விற்றதைவிடக் கூடிய விலைக்குப் போனபோது வீட்டிலும் கடையிலும் என்னைக் கேலி செய்தார்கள். காசு போனது உண்மைதான். ஆனாலும் அந்த மனிதரை ஜும்ஆவில் காணும்போது நான் முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை.

எக்ஸ்சேஞ்ச் கணக்கு

இனி அந்தத் தம்பியின் கடதாசிகளுக்கு வருவோம். இரண்டு கோடி எண்பது தருவதாகச் சொன்னவர், புதிய காருக்கு நான்கு கோடி ஐம்பது இலட்சம் போட்டிருந்தார். மேலே கொடுக்க வேண்டியது ஒரு கோடி எழுபது. இரண்டு கோடி அறுபது சொன்னவர் அதே புதிய காருக்கு நான்கு கோடி இருபது போட்டிருந்தார். மேலே கொடுக்க வேண்டியது ஒரு கோடி அறுபது. பழைய காருக்கு இருபது இலட்சம் குறைவாகச் சொன்னவரே உண்மையில் பத்து இலட்சம் மலிவு!

எக்ஸ்சேஞ்சில் பழைய காருக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்பது நம்மை மகிழ்விக்க மட்டுமே. நமது கையிலிருந்து போகும் மேல் காசு எவ்வளவு என்பதைப் பாருங்கள். அதைவிட, இரண்டையும் இரண்டு வியாபாரமாகப் பிரித்துக் கேளுங்கள். பழையதை ரொக்கத்துக்கு எடுத்தால் எவ்வளவு, புதியதை ரொக்கத்துக்குக் கொடுத்தால் எவ்வளவு என்று தனித்தனியே எழுதி வாங்குங்கள். விலை தெளிவாக இருப்பதுதான் மார்க்கத்துக்கும் பொருத்தம், பைக்கும் நல்லது.

எக்ஸ்சேஞ்ச் செய்பவரையும் குறை சொல்ல முடியாது. அவர் அந்தக் காரை மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். அதற்கிடையில் புதிய மொடல் வந்து விலை விழுந்தால் நட்டம் அவருடையது. அந்தப் பயத்தின் விலையையும் சேர்த்தே அவர் குறைத்துக் கேட்கிறார்.

பழைய மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மீற்றரில் உள்ள கிலோமீற்றரை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்கேனர் போட்டுப் பெட்டரியில் எத்தனை வீதம் எஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். பெட்டரிக்குப் பொதுவாக எட்டு வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர் உத்தரவாதம் சொல்வார்கள். ஆனால் அந்தக் கார் இங்குள்ள ஏஜன்ட் ஊடாக வராவிட்டால் அந்த உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். தவணைக்கு எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐந்து வருடத் தவணையின் மூன்றாம் வருடத்தில், கட்டவேண்டிய மீதி காரின் சந்தை விலையைவிட அதிகமாக இருந்தால், விற்றாலும் கடன் தீராது.

ஸகாத் சொல்லித்தரும் பாடம்

நமது மார்க்கத்தில் இதற்கு ஒரு தெளிவான அளவுகோல் இருக்கிறது. சொந்தமாக ஓடும் காருக்கு ஸகாத் இல்லை. விற்பதற்காக வைத்திருக்கும் காருக்கு உண்டு. அதற்கு இரண்டரை வீதம் கணக்கிடுவது வாங்கிய விலையில் அல்ல, ஸகாத் கடமையாகும் நாளின் சந்தை விலையில் என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. வருடத்தில் ஒரு நாளாவது "நான் கொடுத்தது நாலு கோடி" என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, "இன்று இது எத்தனைக்குப் போகும்?" என்று வியாபாரி தன்னையே கேட்க வேண்டியிருக்கிறது. கார் வியாபாரிக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் இது நல்ல பழக்கம்.

சொந்தக் கார் ஸகாத் கணக்கில் வராததும் நமக்கு ஒன்றைச் சொல்கிறது. அது முதல் அல்ல, பாவனைப் பொருள். அமெரிக்க வீதப்படியே பார்த்தால், நான்கு கோடிக் கார் ஐந்து வருடத்தில் இரண்டு கோடி முப்பத்தைந்து இலட்சம் இழக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 12,900 ரூபா. வீட்டு வாசலில் நின்றாலும் அது போகும். அந்தச் செலவைத் தாங்கக்கூடியவர் தாராளமாக வாங்கட்டும். அல்லாஹ் கொடுத்ததை அனுபவிப்பதில் தவறில்லை. பெற்றோல் செலவும் மிச்சம், புகையும் இல்லை. தாங்க முடியாதவர் கடையின் முதலைத் தொடக்கூடாது.

அந்தத் தம்பி கடைசியில் எக்ஸ்சேஞ்ச் செய்யவில்லை. பெட்டரி அறிக்கையை எடுத்து, வாங்க வந்தவர்களுக்குக் காட்டி, இரண்டு கோடி எழுபது இலட்சத்துக்கு ரொக்கமாக விற்றார். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நான் நினைவூட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. ஒன்றரைக் கோடியைக் கடைக்குத் திருப்பிப் போட்டார். மீதியில் ஒரு பகுதிக்கு ஜப்பான் ஹைபிரிட் ஒன்று எடுத்தார். ஒரு கோடி முப்பது இலட்சம் போனது போனதுதான். ஆனால் பெருநாள் சரக்கு கடைக்கு வந்து இறங்கிவிட்டது.

"இனி வாகனத்தால இலாபம் எண்டு யாரும் சென்னா, என்ன செய்ய நானா?" என்று கேட்டார்.

"எந்த வருஷத்துக் கணக்கு என்று கேளுங்கள் தம்பி" என்றேன்.

அல்லாஹ் நம் அனைவரது வியாபாரங்களிலும் பரகத் செய்வானாக.