எண்ணும் இலக்கமும்

தாதர் சந்திப்பிலிருந்து வடக்கே செல்லும் மேற்கு இரயில்வேத் தடம் தகாணுவை அடைகிறது. மத்திய இரயில்வேத் தடமோ தோம்பிவிலியைக் கடந்து, மலையேறி, நாசிக்கை அடுத்த தேவலாலிக்குச் செல்கிறது. மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழும் நம்மவர்க்குப் பழகிய இவ்விரு தடங்களிலும் ஒரு கணித மேதையின் வாழ்க்கை அடங்கியிருக்கிறது. த. ரா. கப்ரேகர் 1905-இல் தகாணுவில் பிறந்தார். 1930 முதல் 1962 வரை தேவலாலியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். தோம்பிவிலி நிலையத்தில் ஒருவகை எண்களைப் பற்றிய எண்ணம் உதிக்கவே, அந்நிலையப் பெயரைத் தழுவி அவற்றை 'டெம்லோ எண்கள்' என்றார். 111-ஐ 111-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 12321 அவ்வினத்தது.

அவருக்கு உலகப் புகழ் தந்தது 6174 என்னும் எண். இதனை 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அவர் அறிவித்தார். நான்கிலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருத்தலாகாது. இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிப் பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். விடையையும் அவ்வாறே செய்யுங்கள். 1947 என்றால் 9741-இலிருந்து 1479 போக 8262. பின்னர் 6354, 3087, 8352, முடிவில் 6174. எந்த எண்ணாயினும் ஏழு படிகளுக்குள் இங்கு வந்து நின்றுவிடும்.

இதனைக் கணினிக்குப் 'பைத்தான்' மொழியில் கற்பிக்கப் புகுந்தால் ஓர் உண்மை புலப்படும். கணினிக்கு எண் என்பது ஓர் அளவு மட்டுமே. இலக்கங்களோ அவ்வளவை நாம் எழுதிக் காட்டும் முறை. அவற்றைப் பிரிக்க இரு வழிகள் உண்டு. பத்தால் வகுத்து மீதியை எடுத்தால் 6174-இன் கடைசி இலக்கமான 4 கிடைக்கும். ஈவாகிய 617-ஐ மீண்டும் வகுத்தால் 7. இவ்வாறு இலக்கங்கள் வலமிருந்து இடமாக உதிரும். ஈவைப் பெற இரட்டைச் சாய்கோடு இட வேண்டும். ஒற்றைச் சாய்கோடு இட்டால் 617.4 என்று தசம பின்னம் வந்து கணக்கைக் கெடுக்கும். மற்றது, 'ஸ்ட்ர்' என்னும் கட்டளையால் எண்ணை எழுத்துத் தொடராக்கி, 'ஸார்ட்டட்' என்பதால் வரிசைப்படுத்தி, 'இன்ட்' என்பதால் மீண்டும் எண்ணாக்குவது. வரிசைப்படுத்தும் வேலைக்கு இதுவே எளிது.

ஆனால் 2111-ஐக் கொடுத்துப் பாருங்கள். 2111-இலிருந்து 1112 போக 999. கணினி இதை மூன்றிலக்க எண்ணாகவே கொள்ளும். அடுத்த படியில் 999-இலிருந்து 999 போகச் சுழிதான் மிஞ்சும். கப்ரேகரின் கணக்கே பொய்த்ததுபோல் தோன்றும்! கையால் எழுதுபவர் 0999 என்று எழுதி, 9990-இலிருந்து 0999-ஐக் கழித்து 8991 பெறுவார். பிறகு 8082, 8532, 6174. பைத்தானில் 'இசட்ஃபில்' என்னும் கட்டளை விடுபட்ட சுழியை முன்னே நிரப்பித் தரும்.

ஊருக்குப் பணம் அனுப்பும் நேயர்கள் இதனைச் சிறிது கருத வேண்டும். சுழியில் தொடங்கும் வங்கிக் கணக்கு எண்ணை அட்டவணையில் வெறும் எண்ணாகப் பதிந்தால், முன்னுள்ள சுழி மறைந்துவிடும். கூட்டவோ கழிக்கவோ வேண்டாத அத்தகைய எண்களை எழுத்துத் தொடராகவே பதிந்து வைப்பது முறை.