பெட்டியைப் பார்த்தார்களா, பையனைப் பார்த்தார்களா?

நான் பக்கத்து ஊர், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் வாசல்ல நின்ன ஒரு அண்ணாச்சி கேட்டார், "என்ன சார், பால்கோவா இல்லாம வந்திருக்கீங்க?"ன்னு. ராஜபாளையம் நாய் இருக்கிற ஊருக்கு வெறுங்கையோட வர்றதுக்கு எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. (சிரிப்பு)

எதிரணியில் பேசிய தங்கச்சி ஒரு வார்த்தை சொன்னாங்க. பிள்ளையோட அறிவுக்குப் பள்ளிக்கூடம் கொடுக்கிற மரியாதையை வேற எந்த இடமும் கொடுக்காதுன்னு. கேட்க நல்லாத்தான் இருந்துச்சு. முப்பத்திரண்டு வருஷம் அறிவியல் வாத்தியாரா இருந்தவன் நான். அப்படித்தான் இருக்கணும்னு எனக்கும் ஆசை. ஆனா அந்த மரியாதை எந்தப் பிள்ளைக்குக் கிடைக்குது, எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கலைன்னு பார்க்கணும். அதுக்கு முதல்ல அமெரிக்கா வரைக்கும் போயிட்டு வருவோம். டிக்கெட் வேண்டாம், நான் கூட்டிட்டுப் போறேன்.

டெக்சாஸ் மாநிலத்தில் இர்விங் என்று ஒரு ஊர். அங்கே மெக்கார்தர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் அகமது முகமது. வயசு 14. சூடான் நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கறுப்பு நிறம், முஸ்லிம் பெயர். ரேடியோவைப் பிரிப்பான், எதையாவது பூட்டுவான். நம்ம வீட்டிலயும் இப்படி ஒண்ணு இருக்கும். மிக்ஸியைக் கழற்றிப்போட்டு, திரும்ப மாட்டும்போது நாலு ஸ்க்ரூ மிச்சம் வைக்கும். (சிரிப்பு) அந்த ஜாதிப் பிள்ளை.

2015 செப்டம்பர் 14, திங்கட்கிழமை. வீட்டில் அவன் ஒரு கடிகாரத்தைப் பூட்டி, ஒரு பென்சில் பெட்டிக்குள்ள வைத்து, வாத்தியாரிடம் காட்டிப் பாராட்டு வாங்கலாம் என்று கொண்டு போனான். பெட்டிக்குள்ள என்ன இருந்தது? எண் காட்டுகிற ஒரு திரை, ஒரு சர்க்யூட் போர்டு, ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர், கரண்டில் செருகுகிற வயர். அவ்வளவுதான். மருந்து இல்லை, திரி இல்லை. பக்கத்தில் சிவகாசி இருக்கிற நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. வெடிக்கணும்னா உள்ளே வெடிக்கிற சரக்கு இருக்கணும். வயர் வெடிக்காது.

பொறியியல் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் பார்த்தார். நல்லா இருக்குன்னார். கூடவே, வேற யாருகிட்டயும் காட்டாதேன்னும் சொன்னார். அந்த மனுஷனுக்கு உள்ளுக்குள்ள ஏதோ தெரிஞ்சிருக்கு பாருங்க. ஆங்கில வகுப்பில் பெட்டிக்குள்ளிருந்து பீப் சத்தம் வந்தது. பையன் எடுத்துக் காட்டினான். அந்த ஆசிரியைக்கு அது வெடிகுண்டு மாதிரி தெரிந்தது. பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். அப்புறம் தலைமையாசிரியர் வந்தார், போலீஸ் வந்தது. ஒரு அறையில் உட்கார வைத்து விசாரித்தார்கள். கையில் விலங்கு போட்டுச் சிறுவர் காவல் மையத்துக்குக் கொண்டுபோய்க் கைரேகை எடுத்தார்கள். பள்ளிக்கூடம் மூணு நாள் சஸ்பெண்ட் பண்ணியது. 'நாசா' என்று எழுதிய பனியனோடு, பின்னால் கை கட்டப்பட்டு அந்தப் பையன் நிற்கிற படத்தை உலகமே பார்த்தது.

இப்ப நான் எதிரணியிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்க வகுப்பறையில் ஒரு வெடிகுண்டு இருக்குன்னு நீங்க நெசமா நம்பினா என்ன செய்வீங்க? பிள்ளைகளை வெளியே ஓட்டுவீங்க. மணி அடிச்சுப் பள்ளிக்கூடத்தைக் காலி பண்ணுவீங்க. நிபுணரைக் கூப்பிடுவீங்க. அங்கே ஒரு வகுப்பைக்கூட யாரும் காலி பண்ணலை. ஆசிரியை அந்தப் பெட்டியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். குண்டு இருக்குன்னு பயந்தவங்க செய்கிற காரியமா இது? (கைதட்டல்)

அது குண்டு இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். அப்ப எதுக்குக் கைது? 'குண்டு மாதிரி ஒன்றைக் காட்டி ஏமாற்றப் பார்த்தான்' என்று சந்தேகமாம். அந்த ஊர்ச் சட்டத்தில் அப்படி ஒரு குற்றம் உண்டு. ஆனால் அதுக்கு, இது குண்டுதான்னு அடுத்தவனை நம்பவைக்கிற எண்ணம் இருந்திருக்கணும். பையனோ கேட்டவர்களிடமெல்லாம் கடிகாரம், கடிகாரம்னுதான் சொல்லியிருக்கான். போலீஸே அதை ஒப்புக்கொண்டது. இரண்டு நாள் கழித்து வழக்கு எதுவும் இல்லை என்று காவல்துறைத் தலைவர் அறிவித்துவிட்டார்.

பையன் பின்னால் சொன்னது ஒன்று. அறைக்குள் நுழைஞ்சதும் அதுவரை அவன் பார்த்தேயிராத ஒரு போலீஸ்காரர் அவனைப் பார்த்து, 'நான் நினைச்ச ஆள்தான்'னு சொன்னாராம். பெட்டியைத் திறக்கலை, கேள்வி கேட்கலை, அதுக்குள்ள ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு! அந்த நகரத்தில் அந்த வருஷம் மார்ச்சிலேயே, முஸ்லிம் சட்டம் ஊருக்குள் வந்துவிடும் என்று ஒரு பேச்சைக் கிளப்பி, நகர மன்றத்தில் ஓட்டெடுப்பு வரைக்கும் போயிருந்தது. காத்துல ஏற்கெனவே ஒரு வாடை. கடிகாரம் அப்புறம்தான் வந்தது.

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். அமெரிக்க ஆசிரியர்கள் பயப்படுகிறதுக்குக் காரணம் உண்டு. 1994-ல் துப்பாக்கி கொண்டுவருகிற மாணவனை ஒரு வருஷம் நீக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1999-ல் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு, சின்னதோ பெரிசோ எதையும் பொறுத்துக்கொள்வதில்லை என்பது பல பள்ளிகளில் விதியாகிவிட்டது. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். விழுகிற முதுகுதான் வேற. 2011-12 கல்வியாண்டுக்கு அமெரிக்கக் கல்வித்துறையே ஒரு கணக்கு வெளியிட்டது. மழலையர் பள்ளியில் கறுப்பினக் குழந்தைகள் நூற்றுக்கு 18. ஒன்றுக்கு மேற்பட்ட முறை சஸ்பெண்ட் ஆன குழந்தைகளில் அவர்கள் நூற்றுக்கு 48. மழலையர் பள்ளி, தாய்மார்களே! அ, ஆ படிக்கிற பிள்ளைக்கு சஸ்பென்ஷன்!

2013 ஏப்ரலில் புளோரிடாவில் கியரா வில்மாட் என்கிற 16 வயசுப் பெண், கழிவறை கழுவுகிற திரவத்தையும் அலுமினியத் தாளையும் சின்ன பாட்டிலில் போட்டு என்ன ஆகிறதுன்னு பார்த்தாள். மூடி 'டப்'னு பறந்தது, கொஞ்சம் புகை வந்தது. ஒருத்தருக்கும் காயமில்லை. கறுப்பினப் பெண். கைது, பள்ளியிலிருந்து நீக்கம். அடுத்த மாதமே வழக்கைக் கைவிட்டார்கள். நாசாவில் வேலை பார்த்த ஹோமர் ஹிக்கம் என்கிற பொறியாளர் கேள்விப்பட்டு, அவளையும் அவளோடு இரட்டையாகப் பிறந்தவளையும் விண்வெளி முகாமுக்கு அனுப்பினார். அவரும் சின்ன வயசில் கொல்லைப்புறத்தில் ராக்கெட் விட்டவர்தான்.

அகமதுவையும் ஜனாதிபதி ஒபாமா வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். அக்டோபர் 19-ந் தேதி போய்விட்டு வந்தான். மறுநாளே குடும்பம் அறிவித்தது, கத்தார் நாட்டுக்குப் போகிறோம் என்று. ஜனாதிபதியே அழைத்த பிள்ளைக்கு ஊருக்குள்ள இருக்க முடியலை. ஏதோ கடைக் கடிகாரத்தைப் பிரிச்சுப் பெட்டியில வச்சான், இது ஒரு கண்டுபிடிப்பான்னு ஏளனம் பண்ணினவங்களும் உண்டு. கண்டுபிடிப்பு இல்லைதான். ஆனா பிரிச்சுப் பார்க்காம எவன் படிச்சான்? தகப்பனார் வழக்குப் போட்டார். பாகுபாடு காட்டினார்கள் என்பதற்குப் போதுமான விவரம் இல்லை என்று 2017-ல் நீதிபதி தள்ளிவிட்டார். இந்த மாதிரி விஷயத்தில் அதுதான் சிக்கல். மனசுக்குள்ள நினைச்சதுக்கு யார் சாட்சி சொல்லுவா?

நான் சொல்லுவேன். அதுக்குத்தான் மேடை ஏறினேன்.

இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். 1997-ம் வருஷம். இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கு அந்த வருஷத்தைச் சொன்னாலே போதும். நம்ம மாவட்டத்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததை ஒட்டிக் கலவரம். பஸ் ஓடலை, ஊருக்கு ஊர் போலீஸ். அந்த வருஷமே எல்லா மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. டீக்கடையில நாட்டு வெடிகுண்டு, நாட்டு வெடிகுண்டுன்னுதான் பேச்சு.

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள். பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கிட்டிருக்கேன். கடைசி பெஞ்சில் 'கிர்ர்ர்'னு மணிச் சத்தம். "ஏலே, எந்திரி. என்னது அது?" பையன் ஒரு ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துக் காட்டினான். உள்ளே டார்ச் பேட்டரி இரண்டு, வயர், ஒரு தகடு, வரிசையா ஹேர்பின், காலிங்பெல்லில் கழற்றின மணி. நான் அறிவியல் வாத்தியார். சர்க்யூட் தெரியும். ஒரு நிமிஷம் பார்த்தா போதும். ஆனா நான் பெட்டியைப் பார்க்கலை, நடுவர் அவர்களே. என் வாயிலிருந்து வந்த அடுத்த கேள்வி, "நீ எந்தத் தெருலே?"

அமெரிக்காவில் நிறம் வேணும். நமக்குத் தெருப் பேர் போதும்.

அவன் தெருவைச் சொன்னான். வகுப்பு முழுக்க அமைதி. "காலனியா?"ன்னேன். பெட்டியைப் பிடுங்கி, அவனைத் தலைமையாசிரியர் அறையில் கொண்டுபோய் நிறுத்தினேன். நல்லவேளை, போலீஸ் வரைக்கும் போகலை. ஆனா பெட்டியைத் தூக்கிக்கிட்டு வராண்டா முழுக்க நடந்தேன் பாருங்க, அதுவும் கையில ஆட்டிக்கிட்டே. எனக்கும் அது குண்டுன்னு நம்பிக்கை இல்லை. இர்விங் கதையைப் பேப்பரில் படிச்ச அன்னைக்குத்தான் அது எனக்கே உறைச்சது.

மறுநாள் அவனோட அப்பா வந்தார். துண்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டு, "சார், மன்னிச்சுக்கிடுங்க. விவரம் தெரியாத பய, எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பான்"னார். என்னைவிட வயசில் மூத்தவர். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "கண்டிச்சு வைங்க"ன்னேன். பையன் ஒரு வாரம் வந்தான். அப்புறம் வரலை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து கூடப் படித்தவர்களே வெட்டினார்களே, அதுக்குப் பிறகு அரசு நீதிபதி சந்துரு அவர்கள் தலைமையில் ஒரு குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கலர் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, வாத்தியார் சாதியைச் சுட்டிக் கூப்பிடக் கூடாதுன்னெல்லாம் பரிந்துரை. எல்லாம் வேண்டியதுதான். ஆனா அன்னைக்கு நான் பதிவேட்டைத் திறக்கவே இல்லை. தெருவைக் கேட்டேன்.

அந்தப் பெட்டி என்னன்னு எனக்குத் தெரிய நாலு வருஷம் ஆச்சு. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு தறிக்கூடத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனேன். அங்கே ஒரு அம்மா நாலு பவர்லூமுக்கு நடுவே ஓடிக்கிட்டே இருக்காங்க. என்னம்மா இப்படி ஓடுறீங்கன்னேன். பாவுல ஒரு இழை அறுந்தா தறிக்குத் தெரியாது சார், அதுபாட்டுக்கு ஓடும், துணியில கோடு விழும், கூலியில பிடிச்சுக்கிடுவாங்கன்னாங்க. பெரிய மில் தறியில் ஒவ்வொரு இழையிலும் ஒரு மெல்லிய தகடு தொங்கும், இழை அறுந்தா தகடு கீழே விழுந்து கரண்ட் தொட்டுத் தறி தானா நின்னுடும், அதெல்லாம் நமக்கெங்கேன்னு தறிக்காரர் சொன்னார்.

இழையில தொங்குற தகடு. அறுந்தா விழும். விழுந்தா தொடும். தொட்டா மணி அடிக்கும்.

வரிசையா ஹேர்பின். கீழே ஒரு தகடு. அந்தப் பையனோட அம்மாவும் தறிக்குப் போறவங்கதான். அதுவும் எனக்கு அப்புறம் விசாரிச்சுத்தான் தெரியும். விசாரிக்கும்போது அவங்க குடும்பத்தோட திருப்பூருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. விலாசம் யாருக்கும் தெரியலை. இது எதுக்குப்பான்னு அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அவன் வாயாலயே சொல்லியிருப்பான்.

அந்த ஜாமெட்ரி பாக்ஸ் இன்னைக்கும் என் வீட்டு பீரோவில் இருக்கு. பேட்டரி கசிஞ்சு தகடெல்லாம் பச்சை பிடிச்சிருந்தது. போன தீபாவளிக்குப் பேரன் வந்திருந்தான். இது என்ன தாத்தான்னு கேட்டான். சுத்தம் பண்ணி, புது பேட்டரி போட்டு, பின்னில் தையல் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, பிளேடால் நூலை அறுக்கச் சொன்னேன். அறுத்தான். மணி அடிச்சது.

நடுவரும் மணியைத் தொட்டுட்டார். முடிச்சுக்கிடுறேன். (கைதட்டல்)