பாடக்குறிப்பில் முதனூலும் வழிநூலும்

ஆசிரியப் பயிற்சி பெறுவார் எழுதும் பாடக்குறிப்பு அவர்தம் சொந்த ஆக்கமா, பிறருடையதைப் பார்த்து எழுதியதா என்பதை எங்ஙனம் துணிவது? கல்வியியற் கல்லூரிகளில் ஆண்டுதோறும் எழும் இவ்வினா தமிழாய்வாளர்க்குப் புறம்பானது அன்று. சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடந் தெளிதலும், ஒரு பகுதி இடைச்செருகலோ என ஆராய்தலும் நம் துறையின் தொழில்கள். அப்பயிற்சி ஈண்டும் துணை செய்யும். அரைகுறையாக அதனைக் கையாண்டால் நேரும் தீங்கினையும் யான் அறிவேன்.

முதற்கண், பாடக்குறிப்பு இயல்பிலேயே வழிநூல் என்பதை மறத்தலாகாது. அதன் சட்டகம் எழுதுவாருடையதன்று. செருமானிய அறிஞர் எர்பார்ட்டு (1776–1841) கூறிய கருத்துகளை அவர் வழிவந்தோர் ஐந்து படிகளாக வகுத்தனர். ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்புநோக்கல், பொதுமை காணல், பயன்படுத்தல் என்னும் அப்படிகளின் சாயலும், 1956-இல் புளூம் முதலியோர் வெளியிட்ட கற்றல் நோக்கங்களின் பாகுபாடும் நம் குறிப்பேடுகளில் இன்றும் உள்ளன. ஆகவே, நூறு குறிப்பேடுகளில் ஒரே தலைப்புகளும் ஒரே தொடக்கமும் வருதல் வியப்பன்று. இதனைக் களவென்பார், வெண்பா யாத்தோர் அனைவரும் ஒருவரையொருவர் பார்த்து எழுதினர் என்றும் கூறல் வேண்டும். முன்னோர் நூற்பாவை அவர் சொல்லாலேயே எடுத்தாளுதற்குரிய காரணத்தை நன்னூற் பொதுப்பாயிரம் விளக்குகின்றது. எடுத்தாளல் அன்று, எடுத்ததை மறைத்தலே குற்றம்.

ஒப்புமையை எண்ணாற் காண முயல்வாரும் உளர். 2018-இல் பல்கலைக்கழக மானியக்குழு வெளியிட்ட விதிகள் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிக்கவில்லை. தொடர்ந்து 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துவருதலையும் விலக்கின. அவை ஆய்வேடு முதலியவற்றை நோக்கி எழுந்தவை. கையால் எழுதிய குறிப்பேட்டிற்கு அவை எவ்வாறு பொருந்தும்? மேலும், தமிழில் 'எழுதிக்கொண்டிருந்தான்' என்பதைச் சேர்த்தெழுதின் ஒரு சொல், பிரித்தெழுதின் இரண்டோ மூன்றோ ஆம். சொல்லெண்ணிக் களவு காண்பார் இதற்கு என்ன விடை தருவாரோ, அறியேன்.

சொல்லொப்புமையினும் வலிய சான்று பிழையொப்புமை. இரு சுவடிகள் சரியான பாடத்தில் ஒத்திருப்பின் அதனால் பெறுவது சிறிது. தற்செயலாய் நேரவியலாத ஒரே பிழையில் ஒத்திருப்பின் அவ்விரண்டிற்கும் உறவுண்டு எனத் துணியலாம். பாடக்குறிப்பிலும் இது பொருந்தும். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் 2018–19, 2019–20 ஆகிய கல்வியாண்டுகளில் மாற்றப்பட்டன. அதன் பின்னரும் பழைய பாடநூலின் பக்க எண்ணைத் தாங்கி நிற்கும் குறிப்பு, தன் பிறப்பைத் தானே சொல்லிவிடுகின்றது. 40 நிமிடப் பாடவேளைக்கு 45 நிமிடம் பகுத்திருத்தலும், பெண்கள் மட்டுமே பயிலும் வகுப்பிற்கு மாணவன் பெயரால் வினா அமைத்திருத்தலும் இத்தகையனவே.

எனினும், பிழையொப்புமை உறவைக் காட்டுமேயன்றி, யார் யாரைப் பார்த்து எழுதினர் என்பதைக் காட்டாது. இதனை மறந்து யான் ஒருமுறை தவறினேன். கற்பித்தற் பயிற்சித் தேர்விற்குப் புறத்தேர்வாளனாகச் சென்றிருந்தபோது, ஆகுபெயர் பற்றிய இரு குறிப்பேடுகளில் 'வெள்ளை அடித்தான்' என்பது தொழிலாகுபெயர் எனக் குறிக்கப்பட்டிருந்தது. வெள்ளை என்னும் பண்புப்பெயர் சுண்ணாம்பிற்கு ஆகி வந்தமையின் அது பண்பாகுபெயரே. இரண்டாம் குறிப்பேட்டை எழுதிய பெண் முதலாமவரைப் பார்த்து எழுதினார் என முடிவு செய்தேன். அவர் மறுத்தார்; யான் ஏற்கவில்லை. மதிப்பெண் பட்டியல் உறையிடப்பட்ட பின்னரே, வேறு நான்கு குறிப்பேடுகளிலும் அப்பிழை இருத்தலைக் கண்டேன். வகுப்பில் ஒருவர் சொல்ல அனைவரும் எழுதிய குறிப்பு அது. மூலச்சுவடி ஒன்று, படிகள் ஆறு.

அன்றிரவு அப்பெண்ணின் குறிப்பை மீண்டும் படித்தேன். இடவாகுபெயருக்கு வழக்கமான 'ஊர் சிரித்தது' என்பதனோடு 'அக்காள் காஞ்சி உடுத்தாள்' என்றும் எழுதியிருந்தார். நெசவாளர் பிள்ளைகள் மிகுதியாகப் பயிலும் பள்ளி அது. ஊர்ப்பெயர் புடைவைக்கு ஆகி வருதலை அப்பிள்ளைகள் வீட்டிலேயே கேட்டிருப்பர். மற்றை ஐந்து குறிப்பேடுகளிலும் அவ்வெடுத்துக்காட்டு இல்லை. அவருடைய சொந்த ஆக்கம் அந்த ஒரு வரியில் இருந்தது. யானோ பிழையை மட்டுமே தேடினேன். மதிப்பெண்ணைத் திருத்தக் கேட்டு எழுதினேன். காலம் கடந்தது என விடை வந்தது.

2022-இன் இறுதி முதல் பரவிய உரையாடற் பொறிகள் இச்சிக்கலைப் புதிய நிலைக்குக் கொணர்ந்துள்ளன. அவை தரும் பாடக்குறிப்பிற்கு ஒப்பிட்டுக் காட்ட ஒரு மூலச்சுவடி அகப்படாது. நகல் எடுப்போர்க்குரிய பிழைகளும் அதிற் காணப்படா. ஆயின், அக்குறிப்பு எவ்வூர் வகுப்பிற்கும் பொருந்தும். அதனாலேயே எவ்வகுப்பிற்கும் உரியதாகாது. கேட்டறிதலே இங்கு எஞ்சிய வழி. இவ்வினாவை ஏன் மூன்றாவதாக வைத்தீர், இதற்கு உம் வகுப்பில் எத்தகைய தவறான விடை வரும், இவ்வெடுத்துக்காட்டு விளங்காவிடின் வேறு எதனைச் சொல்வீர் என்று வினவினால், தாமே எழுதியவர் சற்றே தயங்கியேனும் தம் மாணவரைப் பற்றிப் பேசத் தொடங்குவார். பார்த்து எழுதியவர் குறிப்பேட்டைப் புரட்டுவார். தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014-இல் வகுத்த விதிகளின்படி ஈராண்டுப் பி.எட். பயிற்சியில் பள்ளிக்கென 20 வாரங்கள் ஒதுக்கப்பட்டன. அக்காலத்தில் பாடத்தை உடனிருந்து காணும் வழிகாட்டி ஆசிரியர், தேர்வு நாளில் ஒரு மணி நேரம் வந்துபோகும் என்போன்றாரினும் இதனை நன்கு அறிவர். அவரைக் கேளாமல் யான் இப்பொழுது எக்குறிப்பேட்டின் மீதும் களவெனக் குறிப்பதில்லை.