அடைமுட்டைகளைச் சோதிக்க ஓர் எளிய விளக்கு

கிராம வீடுகளில் ஓர் அடைக்கோழியின் கீழ் 10 அல்லது 12 முட்டைகள் வைப்பது வழக்கம். 21 நாள்கள் சென்றபின் ஏழு குஞ்சுகள் வெளிவந்தால், எஞ்சியவை கூமுட்டைகள் என்று எறியப்படுகின்றன. அவை தொடக்கம் முதலே கருவற்றவையா, அல்லது கரு உண்டாகி இடையில் மடிந்தவையா என்பது வீட்டாருக்குத் தெரிவதில்லை. இவ்விரண்டுக்கும் காரணங்கள் வேறு, பரிகாரங்களும் வேறு. அடையிருக்கும் காலம் முழுவதும் கோழி முட்டையிடுவதில்லை. ஆகவே, கருவற்ற முட்டைகளின்மீது அது கழிக்கும் ஒவ்வொரு நாளும் குடும்பத்திற்கு நஷ்டமே. இந்த நஷ்டத்தைக் குறைக்கவல்ல ஒரு சாதனத்தை எவரும் தம் கையாலேயே செய்துகொள்ளலாம்.

தத்துவம்

கோழிமுட்டையின் ஓடு ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் கனமுள்ளது. பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டினால் ஆன இவ்வோட்டின் வழியே பலமான ஒளி ஊடுருவும். இருட்டறையில் ஒரு சிறு துளையின் வழியே ஒளியைச் செலுத்தி, அத்துளையின்மேல் முட்டையை வைத்தால், உள்ளே இருப்பது நிழலாகத் தெரியும். முற்காலத்தில் இதற்கு மெழுகுவர்த்தியைப் பயன்படுத்தினர். அதனால்தான் இச்சோதனைக்கு ஆங்கிலத்தில் ‘கேண்டிலிங்’ என்னும் பெயர் நிலைத்தது.

விளக்கைச் செய்யும் முறை

சுமார் 20 செ.மீ. உயரமும் 15 செ.மீ. அகலமும் உள்ள ஒட்டுப்பலகைப் பெட்டி அல்லது கனமான அட்டைப்பெட்டி ஒன்று தேவை. அதன் அடியில் ஒரு மரப்பலகையைப் பொருத்தி, பல்பு ஹோல்டரைப் பலகையின்மீது திருகாணியால் முடுக்க வேண்டும். அதில் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை மாட்டலாம். பல்பின் உச்சிக்கு நேர் மேலே, மூடியில் 3 செ.மீ. குறுக்களவுள்ள வட்டத் துளை இடவேண்டும். துளை இதனினும் பெரிதானால் முட்டையின் ஓரங்களில் ஒளி கசிந்து கண்ணைக் கூசச் செய்யும். பல்பின் உச்சிக்கும் துளைக்கும் இடையே 4 அல்லது 5 செ.மீ. இருத்தல் நலம். துளையின் விளிம்பைச் சுற்றிக் கறுப்புத் துணியை மடித்து ஒட்டினால் முட்டை அசையாது நிற்கும், ஒளியும் கசியாது. பெட்டியின் உட்புறத்தில் வெள்ளைத்தாள் ஒட்டினால் வெளிச்சம் மிகும்.

மின்கம்பியைப் பின்புறத்தில் அடியோரமாக உள்ளே கொண்டுவந்து, உட்புறத்தில் ஒரு முடிச்சு இடவேண்டும். வெளியிலிருந்து கம்பி இழுபட்டாலும் இணைப்பு அறுந்துபோகாமல் இம்முடிச்சு காக்கும். தகர டப்பாவை மின்விளக்குக்குப் பெட்டியாகக் கொள்ளலாகாது. கம்பியின் உறை சற்றே கிழிந்தாலும் டப்பா முழுவதிலும் மின்சாரம் பாய்ந்து உயிருக்கு ஆபத்து நேரும். பழைய இழை பல்புகளும் இதற்கு ஏற்றவை அல்ல. அவை மிகுந்த உஷ்ணத்தை வெளிவிட்டு அட்டையைக் கருக்கும், முட்டையையும் சூடாக்கும்.

மின்சாரம் இல்லாத இடத்தில் ஒரு நல்ல டார்ச் விளக்கே போதும். கறுப்பு அட்டையைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை டார்ச்சின் முகப்பில் பொருத்தி, மறுமுனையை 3 செ.மீ. அளவுக்குக் குறுக்கிக்கொள்ளலாம்.

சோதிக்கும் முறை

முதற் சோதனையை அடைவைத்த ஏழாம் நாள் மாலையில், கோழி இரை தேட எழுந்துசெல்லும் வேளையில் நடத்துவது சிறந்தது. கைகளைக் கழுவித் துடைத்தபின் முட்டையின் பருத்த முனையைத் துளையின்மேல் சாய்வாக வைத்து மெல்லத் திருப்ப வேண்டும். அம்முனையில்தான் காற்றறை உள்ளது.

கருவுள்ள முட்டையில் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து சிலந்தியின் கால்களைப் போல் பரவும் செந்நிற இரத்தக்குழாய்களும் தென்படும். கருவற்ற முட்டை தெளிவாக இருக்கும். மஞ்சட்கருவின் மங்கிய நிழல் மட்டுமே அதில் அசையும். இரத்தக்குழாய்கள் இன்றி, ஒரு சிவப்பு வளையம் மட்டும் காணப்பட்டால் கரு மடிந்துவிட்டது என்று அறியலாம்.

வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களின் வெண்ணிற முட்டைகளில் இவை எளிதில் புலனாகும். ரோட் ஐலண்டு ரெட், வனராஜா முதலியவற்றின் பழுப்பு முட்டைகளிலோ பழகிய கண்ணுக்கும் ஐயம் எழுவதுண்டு. ஐயத்திற்குரிய முட்டையை எறிந்துவிடலாகாது. அதன்மீது பென்சிலால் குறியிட்டு மீண்டும் அடையில் வைத்து, பத்தாம் நாள் பார்த்தபின் முடிவு செய்யவேண்டும். அவசரத்தில் எறியப்படும் முட்டையினுள் உயிருள்ள குஞ்சு இருக்கக்கூடும்.

இரண்டாம் சோதனைக்கு உரிய நாள் பதினான்காம் நாள். அப்போது காற்றறை நீங்கலாகப் பெரும்பகுதி இருண்டு காணப்படும். பதினெட்டாம் நாளுக்குப்பின் முட்டைகளைத் தொடாதிருப்பதே நன்று. 28 நாள்களில் பொரியும் வாத்துமுட்டைகளுக்கு முதற் சோதனையைப் பத்தாம் நாளில் வைத்துக்கொள்ளலாம்.

சோதனையால் வரும் பயன்

ஒரே நாளில் இரு கோழிகளை, ஒவ்வொன்றின் கீழும் 10 முட்டைகளாக, அடைவைத்ததாகக் கொள்வோம். ஏழாம் நாள் இரண்டிலும் நான்கு நான்கு முட்டைகள் கருவற்றவை எனத் தெரிந்தால், எஞ்சிய 12 முட்டைகளையும் ஒரே கோழியின் கீழ் சேர்த்துவிடலாம். மற்றதன் அடையைத் தெளியவைத்து, அதை விரைவில் மீண்டும் முட்டையிடச் செய்யலாம். அழுகிய முட்டை அடையில் வெடித்து, நல்ல முட்டைகளைக் கெடுப்பதும் தவிர்க்கப்படும். நீக்கிய முட்டைகளை விற்பனை முட்டைகளோடு கலக்கலாகாது.

தெளிவான முட்டைகள் மிகுதியாயின் முதலில் சேவலைக் கவனிக்க வேண்டும். எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஆரோக்கியமான ஒரு சேவல் தேவை. இரத்த வளையங்கள் மிகுதியாயின், முட்டைகளைச் சேர்த்துவைத்த விதத்தை ஆராய வேண்டும். கோடைவெப்பத்தில் வைத்த முட்டைகளில், அடைக்கு முன்னரே கரு அரைகுறையாக வளர்ந்து வலிமை குன்றும். ஈரமணலின்மேல் வைத்த மண்பானையில் முட்டைகளைச் சேர்த்து, ஒரு வாரத்திற்குள் அடைவைப்பது நல்ல பழக்கம்.

பள்ளிகளில்

கருவின் வளர்ச்சியை முட்டையை உடைக்காமலேயே மாணவருக்குக் காட்ட இவ்விளக்கு உதவும். முட்டையோட்டில் சித்திர வேலை செய்யும் வகுப்புகளிலும் இது பயன்படும். உள்ளீடு நீக்கிக் கழுவி உலர்த்திய ஓட்டை விளக்கின்மேல் வைத்தால், கண்ணுக்குப் புலப்படாத மயிரிழை விரிசல்கள் வெளிப்படும். விரிசலுள்ள ஓட்டை முன்கூட்டியே விலக்கிவிடலாம். ஓட்டைச் செதுக்கும்போது எழும் நுண்தூளைச் சுவாசிக்காதிருக்க மூக்கைத் துணியால் மூடிக்கொள்வது அவசியம்.

களப்பணியாளர்கள் இச்சோதனையை வீட்டுப் பெண்களின் முன்னிலையில் செய்துகாட்டி, பின்னர் அவர்களையே செய்யச்சொல்ல வேண்டும். அடைவைத்த முட்டைகள், தெளிவானவை, வளையமுற்றவை, பொரித்தவை ஆகிய நான்கையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவந்தால், குறை சேவலிடத்திலா, சேமிப்பிலா என்பதை அவ்வீட்டாரே விரைவில் கண்டுகொள்வர்.